நனைந்த தீப்பெட்டியும் இத்தாலி ஹெல்மெட்டும்

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வியாபாரம் சுமார். ஆனால் தரமான சுமார். ஜூஜுவாடி ரோட்டோரம் ஹெல்மெட் விற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் எல்லை தாண்டப் போகிறவன் வண்டியை என் முன்னால்தான் நிறுத்துகிறான். முகராசி. அத்திப்பள்ளியில் கர்நாடகா போலீஸ் நிற்கிறது என்றால் ஜனங்களுக்கு முதலில் கடவுள் ஞாபகம் வரும், அடுத்து கிருஷ்ணப்பன் ஞாபகம் வரும். அங்கே ஓட்டுகிறவனுக்கு மட்டுமில்லை, பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கேட்பார்கள். ஒன்று வாங்க வந்தவனை இரண்டு வாங்க வைப்பது ஒரு கலை. அதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. நான் எட்டாவதோடு நின்றதும் அதனால்தான்.

சாயங்காலம் அக்கா வெங்கடம்மாள் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன் செய்தாள். அவள் மகள் சுஜாதாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. தரகர் கொண்டு வந்தது. பையன் பெயர் ஹரீஷ்குமார், வீடு மத்திகிரி, வேலை பொம்மசந்திராவில் ஒரு மெஷின் கம்பெனியில். ஆடி கழிந்ததும் பெண் பார்க்க வருவார்கள். அதற்குள் பையனைப் பற்றி விசாரிக்க வேண்டும். எங்களில் அது தாய்மாமன் வேலை.

"உங்க மாமா வேற ஆள அனுப்பறேன்னாரு. என் தம்பி கல்லு மாதிரி இருக்கறப்ப எதுக்கு வேற ஆளுன்னு நான்தான் சண்ட போட்டேன்" என்றாள்.

பின்னாலிருந்து முனிசாமி மாமாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "அவன் போனா பையன் கலெக்டருன்னு சொல்லுவான். இல்லாட்டி கொலகாரன்னு சொல்லுவான். நடுவுல ஒண்ணும் தெரியாது அவனுக்கு."

அக்கா புருஷன். தக்காளி விவசாயி. மனிதர் நல்லவர், ஆனால் என் பேச்சில் எதையும் நம்ப மாட்டார். போன பொங்கலுக்கு சுஜாதாவுக்கு நான் ஊதா நிற ஹெல்மெட் கொடுத்தபோதுகூட அப்படித்தான். லாரியில் வரும்போது உரசி அதில் ஒரு கீறல். அதன்மேல் வெள்ளி நட்சத்திரம் ஒன்றை ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு முனை மடங்கிவிட்டது. பரவாயில்லை, ஒட்டியதும் அது இத்தாலி சரக்கு ஆகிவிட்டது. "ஓசூர்லயே இது ஒரே பீஸு" என்று சபையில் சொல்லிக் கொடுத்தேன். மாமா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதென்னடா, இன்ஸ்பெக்டர் தோள்ல இருக்கறது பொண்ணு தலைக்கு வந்துடுச்சு?" எல்லோரும் சிரித்தார்கள். சுஜாதா மட்டும் சிரிக்காமல் போட்டுக்கொண்டாள். ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி கம்பெனிக்கு ஸ்கூட்டியில் போகிற பெண், அவளுக்குத் தெரியும் தரம்.

மாமாவை ஒருநாள் வாயடைக்க வைக்க வேண்டும். வைப்பேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு ஓசூரில் படம் பார்க்கப் போனேன். கெம்பம்மா வரவில்லை. தளியில் அவள் தங்கை வீட்டு விசேஷம். (என் வீட்டுக்காரி பள்ளியில் படித்தது கன்னடம். தமிழில் பேசுவாள், நன்றாகவே திட்டுவாள், படிக்க மட்டும் வராது. அதனால்தான் இந்த நோட்டு அலமாரியில் மேல்தட்டிலேயே தைரியமாக இருக்கிறது.)

சண்டைப் படத்துக்குத்தான் போனேன். டிக்கெட் இல்லை. பக்கத்து ஸ்கிரீனில் 'நனைந்த தீப்பெட்டி' என்று ஒன்று. துப்பறியும் படம் என்றார்கள். இப்போது துப்பறிவது எனக்குக் குடும்பப் பொறுப்பு. நுழைந்தேன். நல்ல கூட்டம். அதாவது, என் வரிசையில் நான் இருந்தேன்.

படம் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியும் ஒருத்தர் முகமும் முழுசாகத் தெரியவில்லை. பாதி வெளிச்சம், பாதி கறுப்பு. எழுந்து போய் வாசலில் நின்ற பையனிடம், "தம்பி, பல்பு வீக்கா இருக்குது, மாத்தச் சொல்லு" என்றேன். "பல்பு இல்லைங்க. படமே அப்படித்தான்" என்றான்.

துப்பறிகிற ஆளுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. தொப்பை. ஓட்டை விழுந்த ஸ்வெட்டர். ஊர் முழுக்க மழை. வாயில் ஒரு பீடி வைத்திருக்கிறான். தீப்பெட்டி நனைந்துவிட்டது. படம் முடியப் போகிறவரை அந்தப் பீடி பற்றவே இல்லை! ஒரு ரைஸ்மில் முதலாளி, வீட்டை விட்டு ஓடிப்போன தம்பியைக் கண்டுபிடித்து இழுத்து வரச் சொல்கிறார். நம் ஆள் ஓடவில்லை, அடிக்கவில்லை, ஒரு கதவைக்கூட உதைக்கவில்லை. எங்கேயாவது போய் உட்கார்ந்து பன் தின்கிறான். ஜனங்கள் தானாக வந்து பேசுகிறார்கள். இவன் வாயைத் திறப்பதில்லை, பன் தின்ன மட்டும்தான்.

கடைசியில் அந்தத் தம்பி வேறொரு ஊரில், வேறு பெயரில், பெண்டாட்டி பிள்ளையோடு சைக்கிள் கடை வைத்திருக்கிறான். கண்டுபிடித்தாயிற்று. பிடி அவனை! பிடிக்கவில்லை. டயருக்குக் காற்று அடிக்கச் சொல்கிறான். சைக்கிள் கடைக்காரன் இவன் யாரென்று தெரியாமலே இவன் பீடிக்குத் தீ வைக்கிறான். இவன் திரும்பிப் போய் முதலாளியிடம், "கிடைக்கலைங்க" என்கிறான். முதலாளி கெட்ட வார்த்தையில் திட்டி வெளியே தள்ளுகிறார். மழையில் நடக்கிறான். படம் முடிந்தது.

என்னய்யா இது? காசை வாங்கிக்கொண்டு ஏமாற்று வேலை. கண்டுபிடித்தவன் சொல்ல வேண்டாமா? நானாக இருந்தால் மைக் பிடித்துச் சொல்லியிருப்பேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அந்தப் பீடிதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஏன்?

ஆகஸ்ட் 11, திங்கள்

டீக்கடை பாலாஜியிடம் படக்கதை சொன்னேன். அவன் கடை என் ஹெல்மெட் ஸ்டாண்டுக்கு ஒட்டினாற்போல. இரண்டு லாரி டிரைவர்களும் டீயோடு நின்று கேட்டார்கள். முடிவு சப்பென்று இருந்ததால் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சரி செய்தேன். கிருஷ்ணகிரி டேம் மேல் ஹெலிகாப்டர் வருகிறது. நம் ஆள் அதில் தொங்கிக்கொண்டே பீடி பற்றவைக்கிறான். டிரைவர் ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாலாஜி நேற்று சாயங்காலமே அந்தப் படத்துக்குப் போயிருக்கிறான்.

"எங்கண்ணா ஹெலிகாப்டரு?"

"நீ எந்தப் பக்கம் உக்காந்திருந்த?"

"எந்தப் பக்கம் உக்காந்தா என்னாண்ணா, ஸ்கிரீன்ல ஒரு மயிரும் தெரியல. அவன் பன்னு தின்றான் தின்றான், தின்னுக்கினே இருக்கறான். எனக்குப் பசி எடுத்ததுதான் மிச்சம். இன்னிக்கு உனக்கு டீ கிடையாது, போ."

மாலை வரைக்கும் கொடுக்கவில்லை. நாளைக்கு நானே இன்னொரு தடவை போகிறேன். ஹெலிகாப்டர் தேட இல்லை. அந்த ஆள் ஏன் சொல்லவில்லை என்று பார்க்க.

ஆகஸ்ட் 13, புதன்

போனேன். இப்போது இருட்டு பழகிவிட்டது. பழகினால் அதற்குள் நிறைய இருக்கிறது. முகத்தில் பாதிதான் காட்டுகிறான், மீதியை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நான் கதை சொன்னால் மீதி வைக்க மாட்டேன். வழித்துப் போட்டுவிடுவேன்.

வெளியே வந்ததும் சுஜாதா போன் செய்தாள். படம் பார்த்தேன் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது.

"நனைந்த தீப்பெட்டியா! நீங்களா மாமா! நான் போன வாரமே பெங்களூர்ல பாத்துட்டேன். இந்த மாதிரி இருட்டுப் படத்துக்கு நுவார்னு பேரு மாமா."

"எனக்குத் தெரியும்" என்றேன். (தெரியாது.) "முடிவுலதான் சொதப்பிட்டான்."

"முடிவுதான மாமா படமே! எனக்கு அழுகையே வந்துடுச்சு. கூட வந்த ஆளு நல்லா குறட்ட. கரெக்டா சைக்கிள் கடை சீன்ல கிள்ளி எழுப்பினேன்."

"யாரு கூட வந்தது?"

"ஃப்ரெண்டு மாமா. கம்பெனி."

முடிவுதான் படம் என்கிறாள். சின்னப் பெண்ணுக்குப் புரிந்தது எனக்குப் புரியாமலா? புரியவில்லை. எழுதி என்ன, புரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

இன்று வேட்டை. படத்து ஆள் மாதிரியே போனேன். கெம்பம்மாவின் பழைய ஸ்வெட்டர், கறுப்புக் கண்ணாடி, குடை. மத்திகிரியில் ஹரீஷ்குமார் வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. உட்கார்ந்தேன். பன் வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை. ஜனங்கள் தானாக வந்து பேச வேண்டும் அல்லவா?

பேசினார்கள். பேக்கரி அம்மா மேகலா முதல் பன் தீர்வதற்குள் வந்துவிட்டாள்.

"ஏங்கண்ணா, பொண்ணு வூட்டுக்காரங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லையே! நான் சும்மா..."

"அந்த வூட்டப் பாத்துக்கிட்டு இப்படி உக்காந்தா பொண்ணு வூட்டுக்காரங்கதான். போன மாசம்கூட ஒருத்தர் வந்தாரு, பக்கத்து வூட்டுப் பையனப் பாக்க. அவரு பப்ஸு சாப்பிட்டாரு. இந்தப் பையன் தங்கம்ணா. அவங்கப்பா கால்நடைப் பண்ணைல வேல பாத்து ரிட்டயர்டு. வூட்ல தெலுங்கு பேசுவாங்க, நம்மகிட்ட தமிழு. பையன் ஒரு கெட்ட சகவாசம் கிடையாது. இன்னொரு பன்னு தரட்டா?"

மூன்று பன் ஆனது. வயிறு கல். அந்த நேரம் பையன் பைக்கில் வந்து வாசலில் நிறுத்தினான். ஒல்லி. முகத்தில் தெளிவு. என் கண் தொழில் கண், முதலில் ஹெல்மெட்டைத்தான் பார்க்கும். தலையில் கறுப்பு, நல்ல கம்பெனி. பின்னால் கொக்கியில் இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன சைஸ்.

ஊதா.

வெள்ளி நட்சத்திரம். ஒரு முனை மடங்கியது.

பன்னை வாயில் வைத்தபடியே இருந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நன்றாக யோசித்தாயிற்று. வேறு கணக்கே வரவில்லை. உலகத்தில் அந்த நட்சத்திரத்தை ஒட்டிய ஹெல்மெட் ஒன்றே ஒன்று. ஒட்டினவன் நான். இன்னும் பெண் பார்க்கவே வரவில்லை. தரகர் சொல்லித்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் பெயரே தெரியும் என்கிறார்கள். அப்படியிருக்க சுஜாதாவின் ஹெல்மெட் அவன் வண்டியில் எப்படி?

பின்னால் உட்கார்ந்து எல்லை தாண்டினால் ஹெல்மெட் வேண்டும். பெங்களூரில் படம் பார்த்தால் எல்லை தாண்டியிருக்க வேண்டும்.

கழுதைகள்! தரகரையும் இவர்களேதான் கிளப்பிவிட்டிருக்கிறார்கள்!

துப்பு துலங்கிவிட்டது. ஓசூர் சரித்திரத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு கேஸை யாரும் கண்டுபிடித்ததில்லை. போலீஸ் நாய் தோற்றது. உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். இப்போது சொல்லட்டும் நான் அளக்கிறேன் என்று.

அக்காதான் எடுத்தாள். மாமா தோட்டத்தில். "என்னடா, எதாவது தெரிஞ்சுதா?" என்றாள். அவள் குரலில் ஒரு பயம் இருந்தது. "அப்புறம் கூப்பிடறேன்க்கா" என்று வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன்? மாமாவின் தம்பி மகள் ஞாபகம் வந்தது. தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஜாதிப் பையன்தான், பக்கத்து ஊர்தான், குறை ஒன்றும் கிடையாது. மாமா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, தம்பி வீட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "பையன் எப்படின்னு நான் கேக்கலடா. என்னைய ஏமாத்தினாங்களா இல்லையா?" என்றுதான் அப்போது கேட்டார்.

இதைச் சொன்னால் நான் ஜெயித்தேன். சுஜாதா கல்யாணம் நின்றது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஹரீஷ்குமார் கம்பெனி போகும் வழியில் தானாகவே என் கடையில் நிறுத்தினான். இறங்கி வணக்கம் வைத்தான். பேக்கரி அம்மா சொல்லியிருப்பாள். ஊதா ஹெல்மெட் இன்று வண்டியில் இல்லை.

"நீங்க எங்க வீட்டப் பாத்துட்டுப் போனீங்கன்னாங்க. உள்ள வந்திருக்கலாமே மாமா."

மாமாவாம். ஒரு தடவைகூடப் பேசினதில்லை, வாயில் மாமா பழகிக் கிடக்கிறது. எனக்குச் சந்தேகம் தீர இன்னும் ஒரு முடிச்சு வேண்டும். சும்மா பேசுகிற மாதிரி கேட்டேன். "நனைந்த தீப்பெட்டின்னு ஒரு படம் வந்திருக்குதே, பாத்தீங்களா?"

"பெங்களூர்ல பாத்தேன் மாமா. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா போனதால பாதிப் படம் தூங்கிட்டேன். சைக்கிள் கடை வர்றப்ப கிள்ளி எழுப்பினாங்க. இன்னும் தடம் இருக்குது பாருங்க" என்று கையை நீட்டினான். நீட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஃப்ரெண்டு... கம்பெனி" என்றான்.

இரண்டு பேருக்கும் ஒரே பொய். ஒரே கம்பெனியில் தயாரித்த பொய்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. தூங்கி வழிகிறவன் அவளுக்காக இருட்டுப் படத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். நான் கெம்பம்மாவோடு கடைசியாகப் படத்துக்குப் போனது எப்போது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாளை முதல் படம் கிடையாது என்று போஸ்டர்மேல் பட்டை ஒட்டியிருந்தான். கெம்பம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் கடை காட்சி வந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்ல மாட்டான் பாரு" என்றாள்.

"ஏன் சொல்ல மாட்டான்? கண்டுபிடிச்சதுதான அவன் வேல?"

"தீ குடுத்தானில்ல" என்றாள். பிறகு நான் விளக்கம் கேட்க வாயைத் திறந்ததும், "சாக்கு ரீ" என்றாள். போதும் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதிகம் தெரிந்த கன்னடம் அதுதான்.

மழையில் அவன் நடந்து போகும்போது இந்தத் தடவை பார்த்தேன். திட்டு வாங்கிக்கொண்டு போகிறான், வாயில் பீடி எரிகிறது. இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பெண் பார்த்தாயிற்று. அந்த இரண்டும் நடித்த நடிப்புக்கு மெடல் கொடுக்கலாம். அவள் தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. அவன், "உங்களுக்கு எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்கிறான்! நான் காபியைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

அவர்கள் வண்டி ஏறியதும் மாமா எல்லோர் முன்னாலும் என் பக்கம் திரும்பினார். பங்காளிகள், பெரியவர்கள், எல்லோரும் இருந்தார்கள்.

"சொல்லுடா கிருஷ்ணப்பா. ஸ்வெட்டர் போட்டுக்கினு துப்பறிஞ்சியாமே. என்னா புடிச்ச? எலியா, பெருச்சாளியா?"

சிரிப்பு. அடுப்படி நிலைப்படியில் சுஜாதா நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர் தட்டு. என்னைத்தான் பார்த்தாள். தட்டில் டம்ளர்கள் லேசாகச் சத்தம் போட்டன.

நுனி நாக்கில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அங்கே ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

"ஒண்ணும் கிடைக்கல மாமா. நல்ல பையன்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பெரியவர்களிடம் சொன்னார். "சரி, பையன் சுத்தம்தான். இவனுக்குத் துளி ஏதாவது சிக்கியிருந்தா இந்நேரம் ராயக்கோட்டை சந்தைக்கே தெரிஞ்சிருக்கும். இவனே ஒண்ணும் இல்லன்னா, நெசமாவே ஒண்ணும் இல்ல."

இப்படியும் ஒரு மரியாதை. வாங்கிக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிறு பையன் வீடு பார்க்கப் போகிறோம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சட்டையைக்கூட மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

வேனில் மத்திகிரி போய் இறங்கினோம். வாசலில் ஹரீஷ்குமாரின் பைக். கொக்கியில் ஊதா ஹெல்மெட்.

படுபாவி! இவ்வளவு நாள் மறைத்தவன் இன்றைக்கா தொங்கவிடுவான்! நான் முன்னமே அவனை எச்சரித்திருக்கலாம். படத்தில் அந்த ஆள் சைக்கிள் கடைக்காரனிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை. அது தப்பு. சினிமாவில் அடுத்த ஞாயிறு வீடு பார்க்க ஒருத்தரும் வருவதில்லையே.

மற்றவர்கள் உள்ளே போனார்கள். மாமா நின்றுவிட்டார். கூடையில் கொட்டின தக்காளியில் ஊசி முனை அளவு புழுத் துளையைக்கூட விடாத கண். ஹெல்மெட்டைப் பார்த்தார். கிட்டே போனார். குனிந்தார்.

"இது..." என்றார். "இது நம்ம பாப்பாவோடது மாதிரியே இருக்குதே. நட்சத்திரமெல்லாம்..."

ஹரீஷ்குமார் வாசல்படியில் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. அவனுடைய அப்பா ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் பாய்ந்து போய் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "அட, நம்ம கடை சரக்கு!"

"நீதான ஓசூர்லயே ஒரே பீஸுன்ன? இத்தாலின்ன?"

எல்லோரும் திரும்ப வாசலுக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள், பங்காளிகள், வேன் டிரைவர்கூட. அந்த இத்தாலி என் வாழ்க்கையின் நல்ல கதைகளில் ஒன்று. அதன் கழுத்தை நானே கையால் நெரிக்க வேண்டியதாகிவிட்டது.

"எங்க மாமா இத்தாலி? பொம்மனஹள்ளி சரக்கு. லாரில வர்றப்ப கீறல் விழும். கீறல் விழுந்ததுக்கெல்லாம் நான்தான் ஸ்டார் ஒட்டி விக்கறேன். இந்தக் கலரே ஒரு மூட்டை வித்திருப்பேன். இந்தத் தம்பியும் ஏமாந்து வாங்கியிருக்குது போல. ஏம்ப்பா, தங்கச்சிக்கு வாங்கினதா?"

"ஆ... ஆமா மாமா. சித்தி பொண்ணுக்கு."

மாமா சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டீங்களா சம்பந்தி! கீறல மறைக்க ஸ்டாரு! பொங்கலன்னிக்கு என் பொண்ணுக்கு இத்தாலின்னு குடுத்தான்! சபைல! நான் அன்னிக்கே சொன்னேன்!" சம்பந்தி சிரித்தார். வேன் டிரைவர் சிரித்தார். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள், தம்பிக்காக.

நானும் சிரித்தேன். அந்த ஹெல்மெட்டை வீட்டுக்கு உள்ளே தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் வைத்தேன். ஹரீஷ்குமார் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

படத்து ஆள் வாயை மூடி மறைத்தான். நான் வாயைத் திறந்து மறைத்தேன். அவனைவிட என்னுடையதுதான் கஷ்டம். இதை அளப்பாக எழுதவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

மாமா திரும்ப ஒருதடவை நிஜம்தானா என்று என் கடைக்கு வந்து பார்த்துவிட்டால்? ஸ்டிக்கர் கடையில் போய் வெள்ளி நட்சத்திரம் கட்டுக் கட்டாக வாங்கி வந்து, மாலைவரை கீறல் விழுந்தது விழாதது எல்லாவற்றிலும் ஒட்டினேன்.

பாலாஜி கேட்டான். "என்னாண்ணா, கடையா இல்ல வானமா?"

செப்டம்பர் 4, வியாழன்

நிச்சயம் முடிந்தது. தாம்பூலம் மாற்றும்போது மாமா என்னைக் கூப்பிட்டார். "இத்தாலி! இங்க வா, தாய்மாமன் இல்லாம தட்டு எப்படி மாத்தறது?" ஊரே சிரித்தது. தட்டை மாற்றினேன்.

சாயங்காலம் சுஜாதா போன்.

"மாமா."

"என்னம்மா?"

பின்னால் வீட்டில் சொந்தக்காரர்கள் சத்தம்.

"ஒண்ணுமில்ல மாமா. சாப்பிட்டீங்களா?"

"மூணு பன்னு" என்றேன்.

அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. இருட்டு. மீதியை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது எல்லோரும் நட்சத்திரம் போட்டதைத்தான் கேட்கிறார்கள். பெண்பிள்ளைகள் வண்டியை நிறுத்தி, "ஸ்டார் இருக்கறது குடுங்கண்ணா" என்கிறார்கள். டீக்கடையில் என் பெயர் இத்தாலி ஆகிவிட்டது. பக்கத்து ஸ்டாண்டுக்காரனும் ஒட்ட ஆரம்பித்துவிட்டான். அவனுடையதில் முனை மடங்காது.

அக்டோபர் 26, ஞாயிறு

கல்யாணம் அடுத்த மாதம். மாமா ஆனேக்கல் பக்கத்து சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்கப் போக வேண்டும். ஹரீஷ்குமாரே பைக்கில் கூட்டிப் போகிறான். இப்போதெல்லாம் மாமாவுக்கு அவன் இல்லாமல் ஒரு வேலையும் ஓடுவதில்லை. "நான் பாத்துப் புடிச்ச மாப்ள" என்று சந்தையில் சொல்லித் திரிகிறாராம்.

எல்லைக்கு முன்னால் என் கடையில் நிறுத்தினார்கள். பின்னால் உட்காருகிறவருக்கு ஹெல்மெட் வேண்டுமே. பெரிய சைஸ் ஒன்றை எடுத்து நீட்டினேன், புது மாமனாருக்குப் பரிசாக. மாமா கையை ஆட்டினார். "உன்கிட்ட வாங்கினா அடுத்து ஜப்பான்னு சொல்லுவ. மாப்ள, உங்கிட்ட ஒண்ணு இருக்குதே, அத எடு."

ஹரீஷ்குமார் என்னைப் பார்த்தான். பிறகு கொக்கியிலிருந்து ஊதாவை எடுத்துக் கொடுத்தான். மாமா அதைத் தலையில் வைத்து அழுத்தினார். சின்னது. காது இரண்டும் மடங்கியது. நெற்றிக்கு மேலே நட்சத்திரம், ஒரு முனை மடங்கியது.

"எப்படிடா இருக்குது?"

"ஒரே பீஸு மாமா."

"போடா இத்தாலி" என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். வண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனது. லாரிகளுக்கு நடுவில் நட்சத்திரம் கொஞ்ச தூரம் தெரிந்தது.

"ஏண்ணா தனியா சிரிக்கற?" என்றான் பாலாஜி.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

மதியத்துக்கு மேல் தூறல். வியாபாரம் சுமார்.